அம்மன் போட வேண்டிய கையெழுத்து

கம்பத்தில் உரக்கடை வைத்திருந்த அந்த அக்காவிடம் என் முதல் ஆர்டரே சிவப்புப் பூவில் போய்விட்டது.

அப்போது நான் பயிர் மருந்து விற்கும் ஒரு கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரனான என்னைத் தூக்கித் தேனியில் போட்டார்கள். அல்லிநகரத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, ஒரு பைக்கும் ஒரு பையுமாகப் போடியிலிருந்து கூடலூர் வரை கடை கடையாக ஏறி இறங்குவதுதான் பிழைப்பு. திராட்சைக்கு வரும் சாம்பல் நோய்க்கு எங்கள் கம்பெனி புது மருந்து ஒன்று இறக்கியிருந்தது. அதைப் பற்றி அக்காவிடம் மூச்சு விடாமல் பேசினேன். அவரும் அக்கறையாகத்தான் கேட்டார். மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடுமா, வேறு மருந்தோடு கலந்து அடிக்கலாமா, அடித்த பிறகு எப்போது பழம் பறிக்கலாம் என்று, எங்கள் பயிற்சி வகுப்பில்கூட யாரும் கேட்காத கேள்விகளாகக் கேட்டார். நான் ஆர்டர் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தே விட்டேன்.

“செத்த இருங்க தம்பி, கேட்டுட்டு வந்துர்றேன்” என்று எழுந்து போனார்.

வீட்டுக்காரரைக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கடையை ஒட்டிய சந்தில் ஒரு சின்னக் காளியம்மன் கோயில் இருப்பது எனக்கு அப்போது தெரியாது. கொஞ்ச நேரத்தில் வாழையிலைத் துண்டில் மடித்து நூல் சுற்றிய இரண்டு பொட்டலங்களோடு வந்தார். இரண்டும் ஒரே அளவு. மேசையில் என் முன்னால் வைத்து, “ஒண்ண எடுங்க” என்றார்.

“நானா?”

“கேக்குறவுக எடுக்கக்கூடாதுல்ல. அவ காலடியில வச்சு எடுத்துட்டு வந்தது. ஒண்ணுல வெள்ளப் பூவு, ஒண்ணுல செவப்பு. வெள்ளைன்னா வாங்கச் சொல்றா. செவப்புன்னா வேணாங்குறா.”

நான் வேளாண்மையில் பட்டம் வாங்கியவன். மண் பரிசோதனை தெரியும், பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி தெரியும். என் விற்பனை இலக்கை என் கையாலேயே குலுக்கிப் போட்டு எடுக்கச் சொல்வார்கள் என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை. இடது பக்கத்துப் பொட்டலத்தைப் பிரித்தேன். சிவப்பு அரளி பல்லைக் காட்டியது.

“அம்மன் வேணாங்குறா தம்பி. டீ சாப்புடுறீகளா?”

அன்று சாயந்திரம் மேலாளர் போனில் காரணம் கேட்டார். “வேற கம்பெனி முந்திக்கிடுச்சு சார்” என்றேன். எந்தக் கம்பெனி என்றார். “உள்ளூர்தான் சார், ரொம்பப் பழைய கம்பெனி” என்றேன். அவர்கள் கடைக்காரர்களுக்கு என்னதான் சலுகை தருகிறார்கள் என்று அவர் துருவ ஆரம்பித்ததும், சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.

அக்காவை விவரம் தெரியாதவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காய்ந்த இலையைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு விவசாயிகள் வருவார்கள். அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், முன்னும் பின்னும் திருப்புவார், “நோயெல்லாம் இல்ல, சத்துப் பத்தல” என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார். மருந்து விற்கலாம் என்று பக்கத்தில் நிற்கும் எனக்குத்தான் வயிறு எரியும். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன், இதற்கு மட்டும் ஏன் பூக்கட்டிப் பார்ப்பதில்லை என்று.

“அதுக்கு எதுக்கு அவ? எலையப் பாத்துச் சொல்றது பதிலு. தெரிஞ்சா சொல்லலாம், தெரியாட்டித் தெரியலைங்கலாம். நான் அவகிட்டக் கேக்குறது முடிவு. ரெண்டும் ஒண்ணா தம்பி?”

எங்கள் ஊர்ப் பக்கமும் பூக்கட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் மனதில் ஏற்கனவே ஒன்றை முடிவு செய்துகொண்டு, அது வரும்வரை சாமியை விடமாட்டார்கள். அக்காவிடம் அந்த வேலை கிடையாது. ஒரு விஷயத்துக்கு ஒரு தடவைதான். அவர் நல்லதற்கென்று பூசாரியே ஒருமுறை, “பூவு வாடிக் கெடந்துச்சு ஆத்தா, இன்னொருக்காப் பாப்பமா?” என்று கேட்டிருக்கிறார்.

“ஒருக்கா சொல்லிட்டாள்ல? சும்மா நச்சரிச்சா அவளுக்குக் கோவம் வராதா?” என்றாராம் அக்கா. இதை என்னிடம் சொல்லிவிட்டு, “நீங்கதேன் வேணாம்னு சொன்னதுக்கப்புறமும் மறுக்கா மறுக்கா வந்து கேக்குறீக” என்று எனக்கும் ஒன்று வைத்தார்.

சின்ன விஷயங்களுக்கு அம்மனைத் தொந்தரவு செய்யமாட்டார். அதற்கெல்லாம் அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள்தான் அம்மன். பச்சைச் சேலையா நீலமா, இன்றைக்குக் குழம்பா ரசமா, எதிரே யார் நின்றாலும் அவர்தான் சொல்ல வேண்டும். ஒருமுறை தேனியில் கூட்டம் முடிந்து ஓட்டலில் உட்கார்ந்தோம். “பொங்கலா தோசையா, நீங்க சொல்லுங்க தம்பி” என்றார். வாய்க்கு வந்தபடி பொங்கல் என்றேன். மறுநாள் கம்பத்தில் நான் நுழைந்த கடையிலெல்லாம், “அக்காவுக்குப் பொங்கல் வாங்கிக் குடுத்து நெஞ்செரிச்சல வரவச்சது நீங்கதானா?” என்று கேட்டார்கள். அந்த வாரம் முழுக்க அவர் கடைக்கு வருகிறவர்களுக்கு என்னை அப்படித்தான் அறிமுகம் செய்தார். அதற்கப்புறம் அவர் எதைக் கேட்டாலும் “தெரியலைக்கா” என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

அவருக்கு ஒரே மகன், கோயம்புத்தூரில் வேலை. பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். வந்த ஜாதகத்துக்கெல்லாம் அம்மன் சிவப்பையே காட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் பையனே போன் செய்து, கூட வேலை பார்க்கும் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டான். வேறு சாதி, வேறு ஊர். அக்கா அழுது ஆர்ப்பாட்டம் செய்வார், ஆறுதல் சொல்லலாம் என்று தெருவே கடைமுன் கூடியது. அக்கா லட்டுத் தட்டோடு வெளியே வந்தார். “எம் மவன் அவனே முடிவு பண்ணிட்டான்! எனக்கு எம்புட்டுப் பெரிய சோலிய மிச்சம் பண்ணிட்டான் பாருங்க” என்று எல்லாருக்கும் கொடுத்தார். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் லட்டைத் தின்றுவிட்டுப் போனார்கள்.

இதெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, அந்தக் கந்தகத் தூள் விவகாரம் வரும்வரை. மழைக்காலம் முடிகிற சமயம். கந்தகத் தூளை இப்போதே வாங்கி அடுக்கிக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்கு முழுக்கச் சாம்பல் நோய் வரப்போகிறது என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். வரும் என்று அக்காவுக்கும் தெரியும். ஆனால் பூ சிவப்பு. சொன்னபடியே நோய் வந்தது. சுருளிப்பட்டித் தோட்டங்களில் குலை குலையாக மாவு பூத்தது. விவசாயிகள் ஓடி வந்தபோது அக்கா கடையில் ஒரு மூட்டைகூட இல்லை. “எதுத்த கடையில நெறைய வச்சிருக்காக, வெரசாப் போங்க” என்று கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் துளி வருத்தம் இல்லை. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “உங்களுக்கே தெரியும்லக்கா, நோய் வரும்னு? அப்புறம் எதுக்கு அந்தப் பூவைக் கேட்டீங்க?” என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

“எங்க வீட்டுக்காரருக்கு இந்தா, நீங்க நிக்கிற இந்த எடத்துலதேன் நெஞ்சு வலி வந்துச்சு. மத்தியானம். இங்கன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டரு நல்ல மனுசன். இங்கனயே வச்சும் பாக்கலாம், மதுரைக்கும் கொண்டு போகலாம், ரெண்டுலயும் நல்லதும் இருக்கு கெட்டதும் இருக்கு, நீங்கதாம்மா முடிவு சொல்லணும்னாரு. அண்ணன் தம்பி, மாமன் மச்சான்னு அம்புட்டுப் பேரும் நிக்கிறாக. எல்லாரும் எம் மொகத்தையே பாக்குறாக. நான் மதுரைக்குப் போவம்னு சொன்னேன். உசிலம்பட்டி தாண்டல தம்பி.”

நான் உட்கார்ந்துவிட்டேன்.

“இங்கனயே வச்சிருந்தா பொழச்சிருப்பாகளா? தெரியாது. ஒருத்தரும் இன்னைக்கு வரைக்கும் என்னைய ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தாக்கூடத் தேவல. நாம ஒண்ண முடிவு பண்ணி அது தப்பாப்போச்சுன்னா, அந்தத் தப்போட ஒரே வீட்டுல குடியிருக்கணும் தம்பி. இப்ப பாருங்க, கந்தகத்த அவதேன் வேணாம்னா. அவ கோயில்ல இருக்கா. நான் வீட்டுக்குப் போயி நிம்மதியாத் தூங்குவேன்.”

அதற்குமேல் நான் அந்தப் பூவைக் கிண்டல் செய்யவில்லை. பொட்டலத்தை நீட்டினால் மறு பேச்சுப் பேசாமல் எடுத்துக் கொடுத்தேன். சொல்லக்கூடாது, என் கைக்கு வெள்ளையும் நிறையவே வந்தது. எங்கள் கம்பெனி அந்தமான் சுற்றுலா அறிவித்த ஆண்டில் அக்காவின் கடைதான் எங்கள் சரக்கில் முதலிடம்.

மருந்துக் கம்பெனிகளில் இது வழக்கம். நன்றாக விற்றுக் கொடுத்த கடைக்காரர்களை எங்காவது அழைத்துக்கொண்டு போவோம். கடைக்கு இரண்டு டிக்கெட். அக்கா தன் நாத்தனாரைச் சேர்த்துக்கொண்டார். இறந்துபோன கணவரின் தங்கை. அதே தெருவில் வீடு. தினமும் கடைக்கு வந்து உட்கார்ந்து, வருகிறவர்கள் எல்லாரிடமும் வம்பளந்துவிட்டுப் போவார். அக்கா ஒரு வார்த்தை பேசும் நேரத்தில் அவர் பத்து வார்த்தை பேசுவார்.

தேனியில் ஒரு மண்டபத்தில் சுற்றுலாவைப் பற்றி வீடியோ போட்டுக் காட்டினோம். கண்ணாடி மாட்டிக்கொண்டு, முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு மனிதர்கள் கடலுக்கு அடியில் மெதுவாகப் போனார்கள். மீன்கள் அவர்களைப் பொருட்படுத்தவே இல்லை. எல்லாரும் பக்கோடாவில் கவனமாக இருந்தார்கள். அக்கா மட்டும் தட்டை மடியில் வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இதுல யாரு வேணா எறங்கலாமா?”

“நீச்சல் தெரியாதவங்களே இறங்கலாம்க்கா. கூடவே ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு வருவார்.”

“எனக்கு நீச்சலு தெரியும். சுருளிப்பட்டியில எங்கப்பா தோட்டத்துக் கெணத்துல பழகுனது. மேல நீந்துறது எனக்குப் பிடிக்காது. மூச்சப் பிடிச்சுக்கிட்டு அடிக்குப் போயி உக்காந்துக்குவேன். மேல எங்காத்தா கத்துறது கேக்கும், ஆனா என்ன சொல்றான்னு வெளங்காது. அப்புடி ஒரு நிம்மதி தம்பி அது. கலியாணத்துக்கு அப்புறம் எங்கன?”

அவர் ஒன்றை வேண்டும் என்று கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சரக்குக்கு அல்ல, மகனுக்கு அல்ல, அவருக்கு. எப்படியாவது அம்மன் வெள்ளையைக் கொடுக்க வேண்டுமே என்று எனக்கே மனசு அடித்துக்கொண்டது. மறுநாள், இறங்கவா என்று அம்மனைக் கேட்டு அக்கா நீட்டிய பொட்டலங்களில் ஒன்றைப் பிரித்தேன். வெள்ளை நந்தியாவட்டை. நான் போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கம்பம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது, காளியம்மன் உரக்கடை அக்காவைக் கடலுக்குள் இறங்கச் சொல்லிவிட்டாள் என்று. பூசாரி கலங்கிப்போய், “அவ அப்புடியெல்லாம் சொல்ற ஆளு இல்லையே” என்று கோயிலுக்கும் கடைக்குமாக நடந்தார். மகன் போனில், “இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இது?” என்றான். “நானாடா எறங்குறேன்? அவ எறங்கச் சொல்றா” என்றார் அக்கா. நாத்தனாரோ, “மதினி எறங்குனா நானும் கூட எறங்குவேன், தனியா விடமாட்டேன்” என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லி வைத்தார்.

சுற்றுலாவில் என் வேலை, கடைக்காரர்களை எண்ணி ஏற்றி, எண்ணி இறக்கி, யாரும் குறையாமல் ஊர் கொண்டுவந்து சேர்ப்பது. அந்தமானில் ஒரு தீவின் கடற்கரைக்கு அவர்களைக் கூட்டிப் போனேன். தென்னை மரங்களுக்குக் கீழே ரப்பர் உடுப்புகள் தொங்கின, காற்று உருளைகள் வரிசையாகக் கிடந்தன. அதைப் பார்த்ததும் எங்கள் ஆட்களின் வீரம் ஒவ்வொன்றாகக் கழன்றது. படகில் வரும்போது மீனைக் கையாலேயே பிடித்துக் காட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்த போடிக்காரர், “நேத்துத் தின்ன மீனே இன்னும் செமிக்கல. இந்த நேரத்துல போயி அதோட சொந்தக்காரகளப் பாக்குறது நல்லாருக்காது” என்று மணலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். சின்னமனூர்க்காரருக்கு உடுப்பு பாதி வயிறு வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. நாலு பேர் சேர்ந்து உரித்தெடுத்தோம்.

கடைசியில் மிஞ்சியது அக்காவும் நாத்தனாரும். இறக்கிவிடும் பையன் நன்றாகத் தமிழ் பேசினான். தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். கண்ணாடியை மாட்டினால் மூக்கு அடைபடும், குழாயைக் கடித்துக்கொண்டு வாயால்தான் மூச்சு விட வேண்டும் என்று விளக்கினான்.

“வாயால மூச்சு விட்டா நான் எப்புடிப் பேசுறது?” என்றார் நாத்தனார்.

“தண்ணிக்குள்ள பேச முடியாதும்மா. கை ஜாடைதான்.”

“எம்புட்டு நேரத்துக்கு?”

“அரை மணி நேரம்.”

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார். “நீங்க போயிட்டு வாங்க மதினி. நான் கரையில இருந்து பாத்துக்கிறேன்.” கொஞ்சம் யோசித்து, “தனியாப் போகவான்னு நீங்க அவகிட்டக் கேக்கலைல்ல?” என்று ஒரு கொக்கியையும் போட்டார்.

“எறங்கவான்னு கேட்டேன். எறங்குன்னுட்டா. அம்புட்டுத்தேன்” என்றார் அக்கா.

உடுப்பை மாட்டிக்கொண்டு, மேலே ஒரு பூத்துவாலையைப் போர்த்திக்கொண்டு அவர் வந்தபோது யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. பையன் ஒரு படிவத்தை நீட்டினான். ஆங்கிலம். நான் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். ஆஸ்துமா உண்டா, இல்லை. ரத்த அழுத்தம், இல்லை. காதில் சீழ், இல்லை. எல்லாவற்றையும் மளமளவென்று தாண்டிவிட்டோம். கடைசி வரி: நான் என் சொந்த விருப்பத்தின் பேரில், என் சொந்த முடிவில், என் சொந்தப் பொறுப்பில் கடலில் இறங்குகிறேன்.

அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“இது பொய்யாச்சே தம்பி.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சும்மா எல்லாரும் போடுற கையெழுத்துதான்க்கா” என்றேன்.

“எல்லாரும் போடட்டும். நான் முடிவு பண்ணலையே. ஏப்பா, இதுல அம்மன் உத்தரவின் பேரில்னு ஒரு வரி சேத்து எழுதிரு. நான் போட்டுத் தாரேன்.”

பையன் என்னைப் பார்த்தான். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன். “அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா” என்றான்.

“சரி, அப்ப இந்தத் தம்பி போடட்டும். இவருதேன் பூவ எடுத்தாரு.”

“இறங்குறவங்கதான் போடணும்மா.”

“நான் போடுறேன்யா, நான் இவுகளுக்கு நாத்தனா” என்று நாத்தனார் கையை நீட்டினார். படுத்திருந்த போடிக்காரரும் எழுந்து வந்து, தேனி மாவட்டத்தில் எந்த அலுவலகத்திலும் தன் கையெழுத்துச் செல்லும் என்றார். பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். “அந்த அம்மனே வந்தாலும் அவங்க இறங்குறதுக்குத்தான் அவங்க போடலாம். உங்களுக்கு நீங்கதான்” என்றான்.

அக்கா படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு மர நிழலில் உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் ஆளாளுக்குச் சொன்னார்கள். விட்டுட்டு வாங்கக்கா. ஒரு கையெழுத்துத்தானே, போட்டுட்டுப் போங்கக்கா. சாப்பாடு வந்தது. அவர் தொடவில்லை. நாத்தனார் தன் தலையிலிருந்து மல்லிகையை உருவி, “வெள்ளைக்கு இது இருக்கு. செவப்புக்குப் பூவு கெடைக்காட்டி எஞ் சேலையில நூலு உருவித் தாரேன். இங்கனயே கட்டிப் பாத்துருவோம் மதினி” என்றார்.

“அவ ஏற்கனவே சொல்லிட்டாளே ஆத்தா. அவ சொன்னதுல கொழப்பமில்ல. இந்தக் காயிதம் அவளக் கேக்கல.”

கொஞ்சம் கழித்து என்னைப் பார்த்து, “நான் என்ன செய்யட்டும் தம்பி?” என்றார். அந்தக் குரலில் கிண்டல் இல்லை. எனக்குப் பொங்கல் ஞாபகம் வந்தது, அப்புறம் உசிலம்பட்டி ஞாபகம் வந்தது. போங்கக்கா என்று சொல்லிவிட்டால் அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். அது என் கையெழுத்தாகிவிடும். அவருக்கு அந்தத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமாயிருந்தது என்று தெரிந்தும், “தெரியலைக்கா” என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

பையன் வந்து, இன்னும் நேரமானால் தண்ணீர் கலங்கிவிடும், கீழே ஒன்றும் தெரியாது என்றான். அக்கா தலையை நிமிர்த்தினார்.

“எனக்கு எதும் ஆச்சுன்னா யாருப்பா பொறுப்பு?”

“நீங்கதாம்மா.”

“எம் மவன் வந்து இந்தத் தம்பியக் கேக்க முடியுமா?”

“முடியாதும்மா.”

“எங்க ஊரு அம்மன?”

பையன் சிரித்துவிட்டான். “யாரையும் கேக்க முடியாதும்மா.”

அக்கா சிரிக்கவில்லை. படிவத்தை என் முதுகில் வைத்து, தமிழில், இனிஷியலோடு, ஓர் எழுத்துக் குறையாமல் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். பேனா அழுத்தி அழுத்திப் போவது என் முதுகில் தெரிந்தது. போட்டு முடித்ததும் படிவத்தைப் பையனிடம் கொடுத்துவிட்டு, “நாந்தேன் போறேன்” என்றார்.

அவரும் பையனும் இடுப்பளவு தண்ணீரில் நின்று கொஞ்ச நேரம் பழகினார்கள். பிறகு இரண்டு தலைகளும் காணாமல் போயின. நாத்தனார் கடலைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். முதலில் அம்மனைத் திட்டினார், அப்புறம் கம்பெனியைத் திட்டினார், அப்புறம் அழ ஆரம்பித்தார். “தாயி, எங்க மதினியப் பத்திரமாக் கொண்டுவந்து சேத்துரு. இந்தத் தம்பிக்கு மொட்ட போடுறேன்” என்று என் தலையை நேர்ந்துகொண்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த நேரத்தில் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். தண்ணீரில் எழும் குமிழிகளைத் தவிர வேறு எதையும் என்னால் பார்க்க முடியவில்லை.

அவர் வெளியே வந்தபோது நடை தள்ளாடியது. மணலில் உட்கார வைத்தோம். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். கடைக்காரர்கள் சூழ்ந்துகொண்டு என்ன பார்த்தீர்கள், சுறா வந்ததா என்று கேட்டார்கள். “மீனு பாத்தேன். வரி வரியா, மஞ்சளா, நீலமா. ஒரு பெரிய மீனு பக்கத்துல வந்து மொகத்த மொகத்தப் பாத்துட்டுப் போச்சு” என்றார். அவர்கள் அதில் திருப்தியாகிக் கலைந்தார்கள். போடிக்காரர், அடுத்த தடவை தானும் இறங்குவதாகச் சொல்லிக்கொண்டே போனார்.

நானும் நாத்தனாரும் மட்டும் நின்றோம். அக்கா மூச்சு வாங்கினார்.

“கெணத்தடி மாதிரி இருக்கும்னு போனேன் தம்பி. அங்கன ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டாகன்னு. இந்தப் பையன் விட்டாத்தானே. நிமிசத்துக்கு ஒருக்கா எதுக்க வந்து, சரியா, சரியான்னு வெரல வட்டமா வச்சுக் கேக்குறான். கீழ போகவா, மேல போகவான்னு கேக்குறான். எனக்குப் பதிலா சொல்ல அங்கன யாரு இருக்கா? நாந்தேன் சொன்னேன். கீழ போன்னு நாந்தேன் சொன்னேன். ஒவ்வொரு தடவையும்.”

நாத்தனார் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான். அக்கா அவர் முகத்தைப் பார்த்தார்.

“ஆத்தா, அன்னைக்கு மதுரைக்குக் கொண்டு போவம்னு சொன்னது நாந்தேன்.”

“தெரியும்ல. பக்கத்துலதானே நின்னேன்.”

“இங்கனயே வச்சிருந்தா…”

“யாருக்குத் தெரியும்? நானா இருந்தாலும் மதுரைக்குத்தேன் சொல்லிருப்பேன் மதினி. எங்க அண்ணன் ஆச்சே. நீங்க சொல்லிட்டீக, என் வாயி தப்பிச்சுச்சுன்னு அன்னைக்கு நான் நெனச்சேன். அதேன் இம்புட்டு வருசமா உங்ககிட்ட அதப் பத்திப் பேசல.” கையிலிருந்த துண்டை நீட்டினார். “தலையத் தொவட்டுங்க, சளி பிடிக்கும்.”

அக்கா துண்டை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. நெடுநேரம் துண்டை எடுக்கவில்லை. தூரத்திலிருந்து போடிக்காரர், “உப்புத் தண்ணிக்கா, கண்ணு எரியத்தேன் செய்யும்” என்று சத்தம் போட்டார்.

“ஆமா, ஆமா” என்று நாத்தனார்தான் பதில் சொன்னார்.